ரூம் வீட்டுக்காரர்

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஐந்து மாதம் ஒருவர் வீட்டில் தங்கி, அவர் மனைவி கையால் மூன்று வேளையும் சாப்பிட்டவன் இப்படிச் சொல்வது வெட்கக்கேடுதான். ஆனால் அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. ஊரே அவரை ‘ரூம் வீட்டுக்காரர்’ என்றது, நானும் அப்படியே சொன்னேன். அவர் என்னை ‘சார்’ என்றார். அதற்கு மேல் எங்களுக்குள் பெயருக்கு வேலை வரவில்லை.

கிருஷ்ணகிரியில் மலைக்கோட்டைக்குக் கீழே, பெங்களூர் போகும் ரோடு வளைகிற இடத்தில் அந்த வீடு இருந்தது. போர்டு கிடையாது. அவருடைய பாட்டன் காலத்தில் வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுப் படுக்க ஆரம்பித்து, பிறகு கொட்டகை அறையாகி, அறைக்குக் கதவு வந்து, கட்டில் வந்ததாம். முன்பக்கம் ரோட்டைப் பார்த்து வரிசையாக மூன்று அறைகள். பின்னால் ஒரு கூடம், சமையல்கட்டு, கிணறு. பின்பக்கத்தில் அவரும் மனைவியும் மட்டும். பிள்ளைகள் இல்லை. நிலம் நீச்சும் இல்லை. அந்த மூன்று அறைகள்தான் அவர்களுக்குச் சோறு போட்டன.

நான் அங்கே போனது அறுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம். அந்த வருஷம் தையில் என் மனைவி முதல் பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் தங்கவில்லை. ‘எப்படி ஆச்சு?’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அது வேறு யாருக்கோ நடந்த சங்கதி போல ஆகிவிட்டது. அழுகை வரவில்லை, பசிக்கவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. அந்த நேரத்தில்தான் மதுரையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு மாற்றல் வந்தது. மதுரையை விட்டால் போதும் என்று புறப்பட்டேன்.

முதலில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜுக்குத்தான் போனேன். அங்கிருந்தவர் பெரிய நோட்டு ஒன்றை விரித்து பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், வந்த காரியம் எல்லாம் கேட்டு எழுதினார். கடைசியில் பேனாவை மூடிவிட்டு, “பேமிலியெல்லாம் அப்புறமா வருவாங்களா சார்?” என்றார். சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டதுதான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எதிரே டீக்கடைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், “நோட்டெல்லாம் போட்டுக் கேப்பாங்க சார் அங்க. ஒண்ணுமே கேக்காத ஆளு வேணும்னா ரூம் வூட்டுக்குப் போங்க” என்றார்.

கேலிக்குத்தான் சொன்னார். ஆனால் அது அப்படியே உண்மை. ரூம் வீட்டுக்காரர் என் பெட்டியை வாங்கி நடு அறையில் வைத்தார், ஜன்னலைத் திறந்தார், போய்விட்டார். சற்று நேரத்தில் குளிக்கிற இடத்தில் இரண்டு வாளிகள் இருந்தன. ஒன்றில் வெந்நீர், ஒன்றில் கிணற்றுத் தண்ணீர். வெந்நீர் வேண்டுமா என்று கேட்டால் அதுவும் ஒரு கேள்வி அல்லவா? அதனால் எந்நாளும் எல்லோருக்கும் இரண்டு வாளி. சாப்பாட்டிலும் ‘போதுமா’ என்ற பேச்சு கிடையாது. இலைக்கு மேல் கையைக் குறுக்கே வைக்கிற வரை போட்டுக்கொண்டே இருப்பார். இது தெரியாமல் முதல் நாள் நான் மலை போலச் சோற்றை விட்டுவிட்டு எழுந்தேன். அதற்கும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆளைப் பார்த்தால் ஒன்றும் விசேஷம் தெரியாது. ஐம்பது ஐம்பத்தைந்து வயது, ஒட்டிய கன்னம், தோளில் துண்டு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறு சிலுவை. வருகிறவர்களிடம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையும் பேசுவார். மூன்றிலும் கேள்வி கேட்க மட்டும் தெரியாது.

ஒருமுறை ஒரு பையனும் பெண்ணும் வந்து கோடி அறையில் ஒரு நாள் தங்கிப் போனார்கள். வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டு நாள் கழித்து ஒரு போலீஸ்காரர் வந்தார். நான் வாசலில் ஷேவ் செய்துகொண்டிருந்தேன்.

“பேரென்னாயா அவனுக்கு?”

“தெரியாதுங்க.”

“எந்த ஊரு?”

“கேக்கலீங்க.”

“புருசன் பொண்டாட்டியா, இல்லியா?”

“கேக்கலீங்க.”

“எந்தப் பக்கம் போனாங்கன்னாவது கேட்டியா?”

“பஸ்ல போனாங்க. எந்த பஸ்ஸுன்னு கேக்கலீங்க.”

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “யோவ், நீ ரூமு வுடறியா, இல்ல மாட்டுக் கொட்டா வெச்சிருக்கறியா?” என்றார். ரூம் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். போலீஸ்காரர் குடித்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் இது என்று தெரிந்தது. அந்த நிலையில் அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. கணவருக்கும் சேர்த்துப் பேசுவாள். “எங்கூட்டுக்காரரு சாமியக் கூட ஒண்ணும் கேக்க மாட்டாரு தம்பி. ஜெபமால சொல்லுவாரு, முட்டி போடுவாரு, எந்திரிச்சிப் போயிருவாரு. எனக்கு ஒரு புள்ளயக் குடுன்னு மாதாவக் கேளுய்யான்னு எத்தன வருசம் சொன்னேன். மாதாவும் நம்ம வூட்டுலதான தங்கியிருக்குது, தங்கியிருக்கறவங்கள எப்பிடிக் கேக்கறதுங்கறாரு. கேட்டா போட்ட சோத்துக்கு வெல சொன்ன மாதிரி ஆயிருமாம்.”

அறை வாடகையும் அப்படித்தான். சிலுவைப் படத்துக்குக் கீழே ஒரு தகர டப்பா இருக்கும், அவரவர் போட்டுவிட்டுப் போக வேண்டியது.

பங்குனியில் ஒரு நாள் நான் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எழுந்திருக்கக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். சுவருக்கு இளம்பச்சைச் சுண்ணாம்பு அடித்திருந்தது. சட்டை மாட்டுகிற ஆணிக்குக் கீழே, போன வருஷம் யாரோ தங்கியவர் பென்சிலால் கிறுக்கிய ஒரு மாடு இருந்தது. ரூம் வீட்டுக்காரர் வேளைக்கு ஒருமுறை தட்டைக் கொண்டுவந்து முக்காலி மேல் வைப்பார். அடுத்த வேளை ஆறிப்போன தட்டை எடுத்துக்கொண்டு புதுத் தட்டு வைப்பார். உடம்புக்கு என்ன, டாக்டரைக் கூப்பிடட்டுமா, ஊருக்குத் தந்தி கொடுக்கட்டுமா, எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லியிருந்தால் மறுபடி அந்தக் கதையை ஒப்பித்திருப்பேன். நாலாம் நாள் காலையில் கேழ்வரகுக் களியும் கீரையும் வந்தன. ஒரு உருண்டை தின்றேன், பிறகு இன்னொன்று. அன்று இரண்டு வாளியில் வெந்நீர் வாளியை எடுத்துக் குளித்தேன். அந்த மனிதர் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டேதான் பிறகு நடந்ததையும் செய்தேன்.

என் வேலையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ரோடு அளப்பதுதான் என் வேலை. ஓசூர்ப் பக்கம் பாக்டரிகள் வரப்போவதாக அப்போது பேச்சு. பெங்களூருக்கு மெஷின் ஏற்றிப் போகிற லாரிகள் அந்த வளைவில் ஒன்றுக்கொன்று வழிவிட முடியாமல் நிற்கும். ரோட்டை அகலப்படுத்த முடிவாகியிருந்தது. எந்த வீட்டில் எத்தனை அடி போகும் என்று அளந்து, பிளான் வரைந்து கொடுத்து, சுவரில் சிவப்புப் பெயின்டால் குறி போடுவது என் பொறுப்பு. நான் முதலில் வரைந்த கோட்டில் ரூம் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசற்படியும் தாழ்வாரமும் போகும், சுவரோடு கோடு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் மாங்காய் மண்டிக்காரரின் சரக்குக் கிட்டங்கியில் முன்பக்கம் ஐந்தடி போனது.

மண்டிக்காரர் நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். சித்திரையில் ஒரு காலை அவர் ஒரு கூடை மாம்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. “சார், எங்கப்பா கட்டின கிட்டங்கி. அஞ்சடி போயிட்டா லாரி நிறுத்தி எறக்க முடியாது. ஒங்க கோட்ட அஞ்சடி இந்தாண்ட தள்ளிப் போட்டீங்கன்னா தப்பிச்சிக்கும். ஒங்க கையிலதான் இருக்குது” என்று கையைக் கூப்பினார்.

அவர் சொன்னது சரி. என் கையில்தான் இருந்தது. ரோடு எந்தப் பக்கம் தள்ளிப் போனாலும் மேலே இருப்பவர்களுக்கு ஒன்றுதான். இந்தாண்ட என்று அவர் காட்டிய பக்கம் நான் உட்கார்ந்திருந்த அறை இருந்தது. நான் “பார்க்கிறேன்” என்றேன். அன்று மத்தியானமே பழைய கோட்டை ரப்பரால் அழித்துப் புதுக் கோடு போட்டேன். ஏன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். லஞ்சம் இல்லை, பயம் இல்லை, சிநேகம் கூட இல்லை. ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு பலம் வேண்டும், அது என்னிடம் இல்லை. புதுக் கோடு சுவரைத் தாண்டி மூன்று அறைக்குள்ளும் ஐந்தடி நுழைந்தது. பத்தடி அறையில் ஐந்தடி போனால் மிச்சத்தில் கட்டில் போட முடியாது. என் கட்டில் சரியாக அந்த ஐந்தடிக்குள்தான் கிடந்தது.

மாம்பழக் கூடையை அக்காவிடம் கொடுத்தேன். ரூம் வீட்டுக்காரர் பழத்தை அழகாக நறுக்கி எல்லா அறைக்கும் ஒரு தட்டு கொடுத்தார்.

பிளான் அனுப்பப் பத்து நாள் இருந்தது. பென்சில் கோடுதான், மறுபடி அழிக்கலாம். அவர் வந்து ஒரு வார்த்தை கேட்டால் அழித்துவிடுவது என்று தீர்மானித்தேன். மண்டிக்காரர் கேட்டதால் போட்டது போல, இவர் கேட்டால் எடுத்துவிடலாம். நானாகச் செய்ய முடியாதா என்றால், முடியும். அந்தச் சமயத்தில் நானாக எதையும் செய்கிறவனாக இல்லை. யாராவது தள்ளினால் நகர்வேன். எனவே சாயங்காலங்களில் பிளானை மேஜை மேல் விரித்து, கதவையும் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் கண்ணில் பட வேண்டும் என்றுதான்.

பட்டது. ஒரு நாள் மேஜைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். அவர் வீடு எது, கோடு எங்கே போகிறது என்று நன்றாகப் புரிந்திருக்கும், அவ்வளவு பெரிய பிளான். காற்றில் காகிதம் சுருண்டு சுருண்டு மடங்கிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் தராசுப் படிக்கற்கள் நாலு இருந்தன. நாலு மூலைக்கும் ஒன்றாக வைத்து, காகிதம் அசையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மாதா கோவிலுக்குப் போனபோது அக்கா மட்டும் வீட்டில் இருந்தாள். உடம்புக்கு முடியவில்லை என்று நின்றுவிட்டாளாம். என் அறை வாசலில் வந்து நின்றாள். அவ்வளவு பேசுகிறவள் முந்தானையைத் திருகிக்கொண்டு பேசாமல் நின்றாள்.

“தம்பி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கக்கா.”

அவள் வாயைத் திறந்தாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, அந்த ஐந்து மாதத்தில் அது ஒருமுறைதான். மேஜையில் ரப்பர் தயாராக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள்.

“மத்தியானத்துக்குக் கொழம்பு வெக்கட்டுமா, ரசமே போதுமா?” என்றாள்.

“ரசம் போதும்” என்றேன். அவள் போனாள். சமையல்கட்டில் பாத்திரம் ஒன்று விழுகிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை பிளான் போய்விட்டது.

குறி போடுகிற நாள் வந்தது. எனக்கு டேப் பிடிக்கிற ஆள் ஒருவன் உண்டு, சூளகிரிக்காரன். சானமாவுக் காட்டு யானை ரோட்டில் நின்றதால் பஸ் வரவில்லை என்று மாதத்துக்கு இரண்டு தடவை லீவு போடுவான். அன்றும் யானை நின்றுவிட்டது. மற்ற வீடுகளையெல்லாம் தெருவில் போகிறவர்களைப் பிடித்து அளந்து முடித்தேன். ரூம் வீட்டு முன்னால் வந்ததும் ஒருவரும் கிடைக்கவில்லை. டேப்பின் ஒரு நுனியை ரோட்டு நடுவில் அடித்த முளையில் மாட்டிவிட்டு மறு நுனியை இழுத்துக்கொண்டு வந்தால் முளையிலிருந்து கழன்று கழன்று விழுந்தது. மூன்று தடவை அப்படி ஆயிற்று.

ரூம் வீட்டுக்காரர் வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். முளைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டேப் நுனியை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். லாரி வந்தபோது கூட விடவில்லை, ஒரு கையைத் தூக்கி நிறுத்தினார். நான் இழுத்துக்கொண்டு வாசலுக்குள், நடு அறைக்குள், என் கட்டில் வரை போனேன். கட்டிலை நகர்த்திவிட்டுத் தரையிலும் பக்கச் சுவரிலும் சிவப்புக் குறி போட்டேன். பெயின்ட் சுவரில் வழிந்தது. வெளியே வந்தபோது அவர் டேப்பைத் துண்டால் துடைத்துச் சுருட்டிக் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் எதையாவது கண்டேனா என்று கேட்டால், நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு மாதம் அதே அறையில், அந்தச் சிவப்புக் குறிக்குப் பக்கத்திலேயே தூங்கினேன். இரண்டு வாளி நின்றுபோகவில்லை. ஆனியில் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தார். “போயிட்டு வாங்க சார்” என்றார். எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை.

மறு வருஷம் மாம்பழக் காலத்தில் பெங்களூருக்குப் போகிற வழியில் பஸ் அங்கே பத்து நிமிஷம் நின்றது. ரோடு விசாலமாகிவிட்டிருந்தது. எங்கள் இலாகாவில் அதிசயமாக ஒரு வேலை வேகமாக முடிந்திருந்தது. ரூம் வீட்டுக்கு முன்பக்கமே இல்லை. என் அறையின் பின்சுவர்தான் இப்போது தெருச்சுவர். இளம்பச்சைச் சுண்ணாம்பும் ஆணியும் பென்சில் மாடும் போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. சர்க்கார் கொடுத்தது அதைப் பூசுவதற்குக் கூடப் போதவில்லை போல. பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அதற்குள் எதிரே கிட்டங்கியிலிருந்து ஒருவர் கை தட்டிக் கூப்பிட்டார். அவர்தான். வைக்கோல் பரப்பி, கூடைக்குப் பழம் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். மண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

நான் இறங்கிப் போனேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தார்.

“வாங்க சார். எங்க இப்ப வேல? ஒடம்பு எப்பிடி இருக்குது? எளச்சிப் போயிட்டீங்களே, யாரு சமைக்கறாங்க? அம்மா அப்பா இருக்கறாங்களா? மறுகல்யாணத்துக்குப் பாக்கறாங்களா?”

நான் திகைத்துப்போய் நின்றேன். அவர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தார்.

“இப்ப நீங்க நம்ம வூட்டுல தங்கலியே சார். இனிமே தாராளமாக் கேக்கலாம்.”

ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். அக்கா பின்கட்டில் இட்லி போட்டு விற்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “சம்சாரம் எப்பிடி சார் தவறிட்டாங்க?” என்றார்.

“உங்களுக்கு யார் சொன்னது?”

“ஒங்க பெட்டியில மேலாக ஒரு பச்சப் பொடவ இருக்குமே. தெனம் அதத் தூக்கிட்டுச் சட்ட எடுப்பீங்க, மறுபடி அதயே மேல வெப்பீங்க. மொத நாளே பாத்தன்.”

சொன்னேன். ஆஸ்பத்திரி, தையல், இரத்தம், விடியற்காலை என்று எல்லாவற்றையும் சொன்னேன். யாருக்கோ நடந்த மாதிரி இல்லை இப்போது, எனக்கு நடந்த மாதிரி இருந்தது. அழுதேன் என்று எழுத ஆசைதான். அழவில்லை. அவர் கடைசி வரை கேட்டுக்கொண்டு, சிலுவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்து அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். இனிமேல் கேட்கலாம் என்று அவரே சொல்லிவிட்டார். முதலில் சுவரோடு நின்ற கோடு எப்படி உள்ளே வந்தது என்று மண்டியில் யாராவது அவருக்குச் சொல்லாமலா இருந்திருப்பார்கள்? அவர் எதிரே அந்தப் பச்சைச் சுவரைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பஸ் ஹார்ன் அடித்தது.

“கெளம்புது சார், ஓடுங்க” என்று இரண்டு பழத்தைப் பொறுக்கி என் கையில் திணித்தார்.

நான் வைத்திருந்த பதில் ரொம்பச் சின்னது. மண்டிக்காரர் கேட்டார், நீங்கள் கேட்கவில்லை. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் ஆகாது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் கேட்டவர், அதை மட்டும் கேட்காமல் என்னை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.